தீவுக்குப் போய்த் துக்கம் கேட்டவர்

என் வீட்டுக்காரர் தேவதாஸ் வாயை மூடி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பஹ்ரைனில், மனாமாவில் லாஞ்சில் மீன் பிடிக்கப் போகிற மனிதர். கடலில் கிடந்துவிட்டுக் குதைபியாவில் எங்கள் ரூமுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். வலை கிழிந்த கதை, எஞ்சின் மக்கர் செய்த கதை, முதலாளி கஃபீல் ஐஸுக்குக் கணக்குப் பார்க்கிற கதை. கிளினிக்கில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வந்திருக்கிற நர்ஸ் நான். எனக்கு எந்த வலை கிழிந்தால் என்ன?

இப்படி ஓயாமல் பேசுகிறவர் ஒரு பெயரை மட்டும் சொல்லமாட்டார். எங்கள் மகன் டெனிஷின் பெயர்.

"கடல் நம்மளோட போகட்டு" என்று சொல்லி டெனிஷை டிப்ளமா படிக்கவைத்து, சவூதியில் யான்புவில் டெக்னீஷியன் வேலைக்கு அனுப்பியவரே அவர்தான். ஓர் ஈஸ்டருக்கு எங்களோடு இருக்க லீவு போட்டுவிட்டுக் காரில் வந்தான் பிள்ளை. அவ்வளவு பாலைவனத்தையும் தாண்டித் தம்மாம் வரைக்கும் நல்லபடியாக வந்தவன், பஹ்ரைன் பாலத்தைத் தொடும் முன்னே ஒரு லாரியில் போய் மோதினான். கடலுக்குப் பயந்து ஒளித்துவைத்த பிள்ளையை ரோடு கொண்டுபோய்விட்டது.

குமரிக் கடற்கரையில் எங்கள் ஊரில்தான் அடக்கம். எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்க வருகிறவர்கள் பேசமாட்டார்கள். வந்து கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்கள், அவ்வளவுதான். இவர் கையை யாருக்கும் கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கல்லாக நின்றார். திரும்பி வந்ததும் லாஞ்சில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு, "டெனிஷுக்கு இந்தக் குழம்புன்னா..." என்று நான் வாயெடுத்தாலே எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவள் நான் வேறு யாரிடம் போய் அவனைப் பற்றிப் பேசுவது? சாவு ஒரு தடவை எடுத்துக்கொண்ட பிள்ளையை இந்த மனிதர் தினமும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறார் என்று அழுதிருக்கிறேன்.

எங்கள் மகள் ஷாஜினியும் நர்ஸ்தான். மனாமாவில் வேலை பார்த்துவிட்டு அயர்லாந்தில் கால்வே ஊருக்குப் போனவள். போன ஜூனில் எங்களைக் கூப்பிட்டாள். ஊரைக் காட்டிவிட்டு, "அப்பாவுக்குப் புடிக்கிற எடம் ஒண்ணு இருக்கு" என்று சொல்லி ஒரு சின்னத் தீவுக்கு ஃபெரியில் கூட்டிக்கொண்டு போனாள்.

பஹ்ரைனும் தீவுதான். ஆனால் அதைத் தீவு என்று யார் நினைக்கிறார்கள்? இது நாலு பக்கமும் கடல் தெரிகிற தீவு. ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கினேன். எங்கே பார்த்தாலும் கல் சுவர். சாந்து இல்லை, சிமெண்ட் இல்லை, கல்லின் மேல் கல்லை அடுக்கி இடுக்கு இடுக்காக விட்டிருக்கிறார்கள். காற்று அந்த இடுக்குகள் வழியாகப் போய்விடுமாம், சுவர் விழாதாம். ஒருவர் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். கேட்டைத் தேடினேன், காணோம். அவர் சுவரில் பத்துப் பன்னிரண்டு கல்லை எடுத்துக் கீழே வைத்தார், பசு உள்ளே போனது, கல்லை மறுபடி அடுக்கிவிட்டுப் போனார். தேவதாஸுக்கு அது ஒரே குஷி. "பாத்தியா சுகிர்தா, கதவுச் செலவு மிச்சம்!"

கரையில் கறுப்புப் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். விரலால் தட்டிப் பார்த்தார், முகர்ந்தார், குனிந்து அடியைப் பார்த்தார்.

"எடி, இது பலகை இல்ல. துணியில தாரு பூசி வச்சிருக்கானுவ. இதுலயா இந்தக் கடலுக்குப் போறானுவ? தைரியசாலிப் பயலுவ."

அங்கே நின்ற ஒருவரிடம் "பஹுத் அச்சா, பாய்!" என்றார். இத்தனை வருஷம் வேற்று நாட்டார் எல்லாரிடமும் இந்தி பேசிப் பழகிய நாக்கு, வேறெதுவும் வரவில்லை. அந்த மனிதரும் தொப்பியைத் தொட்டு அவர்கள் ஐரிஷ் பாஷையில் என்னவோ சொன்னார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் இப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஷாஜினி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மழை பிடித்ததும் ஷாஜினி எங்களை ஒரு பப்புக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"சாராயக் கடைக்கா பிள்ள அம்மைய கூட்டிட்டுப் போற?" என்றேன்.

"இங்க குடும்பமா வருவாங்கம்மா. சும்மா வாங்க."

உள்ளே உண்மையிலேயே குடும்பங்கள்தான். குழந்தைகள் மேசைக்கடியில் விளையாடின. எங்களுக்கு டீயும் ரொட்டியும் வந்தன. நான் மனாமாவிலிருந்து கொண்டுபோன அல்வா டப்பாவைத் திறந்து பக்கத்து மேசைக்கும் நீட்டினேன். அதன்பின் நாங்கள் அந்நியர் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மூலையில் இருந்த வயசானவர் ஒருவரைப் பாடச் சொன்னார்கள். கோல்மன் என்று பெயர். வாத்தியம் எதுவும் இல்லை. கண்ணை மூடிச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட ஆரம்பித்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த இழுவை எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் சாவு வீட்டில் கேட்கிற இழுவை அது. கடை முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது.

தேவதாஸ் டீயை வைத்துவிட்டு எழுந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை. நேரே கோல்மனிடம் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். துக்கம் கேட்கப் போய்விட்டார் மனிதர்! வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. கோல்மன் கண்ணைத் திறக்காமலே, பிடித்த கையோடு தன் கையை மெல்லச் சுற்ற ஆரம்பித்தார், பாட்டு போகிற போக்கில்.

"அம்மா, இங்க இது வழக்கம்" என்று ஷாஜினி காதில் சொன்னாள். "பாடுறவங்க கையப் புடிச்சு இப்படித்தான் தெம்பு குடுப்பாங்க. அப்பாவுக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. கிழவருக்குத் துக்கத்தில் கை ஆடுகிறது என்று நினைத்து இவர் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

பாட்டு முடிந்தது. தேவதாஸ் கையை விடாமலே எங்கள் பக்கம் திரும்பினார். "மக்களே, இவரு வீட்ல யாரு போனது, கேளு."

ஷாஜினி போய் இங்கிலீஷில் கேட்டாள். கோல்மன் வியப்பாகப் பார்த்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். "அவரு வீட்ல யாரும் போகலையாம்பா. கடலுக்குப் போயித் திரும்பாத ஒருத்தனப் பத்தின பழைய பாட்டாம்."

இப்போது கையை விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். கோல்மன் விடவில்லை. இன்னொரு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். ஷாஜினிக்கு முகம் மாறிவிட்டது. சொல்லட்டுமா என்று என்னைப் பார்த்தாள். சொல் என்று தலையசைத்தேன்.

"உங்க வீட்ல யாருன்னு கேக்காரு, அப்பா."

தேவதாஸ் ஜன்னலைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். எழுந்து போக அங்கே பால்கனி இல்லை. கையும் கிழவரிடம் இருந்தது.

"டெனிஷ்" என்றார். மறுபடி சொன்னார். "என் மோன். டெனிஷ்."

ஷாஜினி இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "டெனிஷ்" என்றார் கோல்மன். பக்கத்து மேசையில் அல்வா தின்ற அம்மாளும் மெல்ல "டெனிஷ்" என்றாள். அவர்கள் வாயில் பெயர் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. தேவதாஸ் அந்தக் கிழவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அடக்கத்தன்று அழாத அழுகையை எல்லாம் அழுதார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

சாயங்கால ஃபெரியில் திரும்பினோம். காற்றுக்கு ஷாஜினி உள்ளே போய்விட்டாள். நாங்கள் மேல்தட்டில் இருந்தோம். தீவு சின்னதாகிக்கொண்டே போனது.

"சுகிர்தா, டெனிஷ் சின்னதுல மீனே தின்னமாட்டான், தெரியுமா? மீன்காரன் மோன் மீன் தின்னமாட்டான். முள்ளுக்குப் பயம். நான்தான் ஆஞ்சு ஆஞ்சு குடுப்பேன்."

முள்ளை ஆய்ந்து கொடுத்தது நான். அவர் அப்போதெல்லாம் கடலில் இருந்தார்.

"அப்புறம்?" என்றேன்.