ஒரு தும்மலுக்கு விழுந்த அடி

மூன்றாவது பிள்ளை பிறந்தபின், இருமினாலும் தும்மினாலும் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடும். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எழுபதுகளில், நாங்கள் சுருளிப்பட்டியில் குடியிருந்தபோது நடந்தது இது.

ஒருநாள் கம்பம் பஸ்ஸில் தும்மிவிட்டேன். சேலையோடு சீட்டும் நனைந்தது. பக்கத்திலிருந்தவர்கள் முகம் சுளித்து எழுந்தார்கள். இறங்கியதும் என் கணவர், "மாட்டையா கட்டிக்கிட்டு வந்தேன்?" என்று நடுரோட்டில் அறைந்தார். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்காமல், பஸ்ஸில் நடந்ததைச் சொல்லிக் கத்தினார். இடுப்பில் உதைத்ததில் ஆட்டுரல்மேல் விழுந்தேன், நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, மறுபடியும் காலைத் தூக்கினார்.

எங்களோடு இருந்த அவருடைய அக்கா பாய்ந்து வந்து, விறகுக்கட்டையால் அவர் முழங்காலில் ஒரே போடு போட்டார். கணவர் சுருண்டு விழுந்தார்.

"ஏலே, பிள்ளை பெத்ததுலருந்து எனக்கும் இப்படித்தான்டா ஒழுகுது. என்னையும் மிதி, பாப்போம்!"

கணவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

நெற்றிக்குத் தையல் போட்ட டாக்டரம்மாவிடம் நாத்தனாரே எல்லாவற்றையும் சொன்னார்.

"பிரசவத்துல தசை தளர்ந்திருக்கும்மா. சிறுநீரை அடக்குற மாதிரி உள்ள சுருக்கிப் பிடிச்சு, மெதுவா விடு. மூச்சைப் பிடிக்காத. தினமும் செய்யணும்" என்றார் டாக்டரம்மா.

இருவரும் சேர்ந்தே செய்தோம். சில மாதங்களில் எனக்குக் கசிவு நின்றது. நாத்தனாருக்குப் பாதி குறைந்தது. கணவர் அதன்பின் கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் நான் அந்த வீட்டில் இருந்திருக்கவும் மாட்டேன்.

இப்போது பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், குழந்தையைத் தூக்குமுன் தாயிடம் குனிந்து, "இருமுனா ஒழுகுதா, ஆத்தா?" என்று கேட்கிறேன். அழுகிறவளை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.