தேயாத அம்மிக்குழவி

எங்கள் வீட்டு அம்மிக்குழவி தேய்ந்துபோய்விட்டது என்று எட்டு வயதில் நான் அம்மாவிடம் புகார் சொன்னேன். எல்லாம் அத்தையால் வந்தது.

அப்பாவின் தங்கையான அவளுக்குப் திருநெல்வேலியில் நடக்கும் பெண் போலீஸ் ஆள் எடுப்புக்குக் கடிதம் வந்திருந்தது. ஓடவேண்டும், இரும்புக் குண்டு எறியவேண்டும். கடிதம் வந்த வாரமே, விறகுக்குப் பருத்திமார் ஏற்றிவந்த வண்டியிலிருந்து விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டாள். கோவில்பட்டி வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நாற்பது நாள் அசைக்கக் கூடாது என்றார். ஆள் எடுப்புக்கு இரண்டே மாதம். தாத்தாவுக்கு உள்ளூர சந்தோஷம்தான். "அந்தக் கைய வச்சு சோறு அள்ளித் திங்கட்டும், போதும். தை மாசம் கல்யாணத்த முடிச்சிருவோம்" என்றார்.

அத்தை மறுநாள் முதல் காலையும் மாலையும் இடது கையால் அம்மிக்குழவியைத் தலைக்கு மேலே தூக்க ஆரம்பித்தாள். ஒடிந்தது ஒரு கை, பழகுவது இன்னொரு கையா என்று தெருவே சிரித்தது. ஒற்றைக் கையால் பின்ன முடியாத அவளுக்குத் தினமும் தலை பின்னிவிடுவது என் வேலை. வாரம் ஒருமுறை அவள் இடது புஜத்தைச் சிவப்பு நூலால் சுற்றி அளப்பதையும் நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் மூன்று தடவை தூக்கவே முக்கினாள். மூன்றாம் வாரம் இருபது தடவை. நூலில் போட்ட முடிச்சோ நகரவே இல்லை. கை பெருக்காமல் பலம் எப்படி வரும்? குழவிதான் இளைத்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, கல்லு அப்படியேதான் இருக்கு. போய்ப் படி" என்றாள்.

நாற்பதாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். வலது கை சூம்பிப்போயிருந்தது. இடது கை அளவுக்கு முடிச்சிட்ட நூல் அதில் தொளதொளவென்று தொங்கியது. அத்தை அழுதாள், நானும் அழுதேன். வைத்தியர் சொன்னபடி பத்து நாள் பொறுத்து, தாத்தா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வலது கையால் குழவியை எடுத்தாள். மெலிந்த அந்தக் கை மெல்ல மேலே போனது. இறங்கியது. மறுபடியும் போனது. அத்தனை நாள் ஒரு துரும்பைக்கூடத் தூக்காத கை! இடது கை சேர்த்த பலம் எந்த வழியாக அங்கே போனது?

தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏட்டி, திருநெல்வேலிக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

அத்தை போலீஸானாள். பழகும்போது முதலில் தேறுவது மூளைதான், தசை பெருப்பதெல்லாம் பிற்பாடு, ஒரு கைக்காக அது கற்றுக்கொண்டதில் மறுகைக்கும் பங்கு உண்டு என்று பல வருடம் கழித்து ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னார். நூலை வைத்துக்கொண்டு நான் கையில் தேடிய பலம், எண்ணெய் தடவி வகிடெடுத்து நான் பின்னிய தலைக்குள் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. என் விரல்களுக்கு அது தெரியவேயில்லை.