மேரியக்காவின் ஜன்னலில் அடிக்கும் அனல்

இன்று நெய்யாற்றின்கரை பஸ்ஸில் பக்கத்து வீட்டு மேரியக்கா என் அருகில் உட்கார்ந்தார்.

"முன்ன எத்தன வேனல் பாத்தாச்சு மக்கா! அப்பல்லாம் சாயங்காலம் ஜன்னலத் தொறந்தா காத்து வரும். இந்த வருஷம் தொறந்தா அனலாக்கும் அடிக்குது. உலகமே சூடாயிப் போச்சு."

"உள்ளதாக்கும்" என்றார் கண்டக்டர். எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டியது நான்தான்.

அந்த ஜன்னலுக்கு நேரெதிரே, எங்கள் வீட்டுச் சுவரில், போன மாதம் போட்ட ஏசியின் அவுட்டோர் யூனிட் அனலைத் துப்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் முற்றம் சூடாகிவிடக் கூடாதென்று அந்தச் சுவரைக் காட்டியது நான். மாட்டுவதற்கு ஏணி தந்தது மேரியக்கா.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா சந்தைக்கு இறங்கும் இடம் வந்துவிட்டது.

இப்போது ஏசி போட்ட அறையில்தான் இதை எழுதுகிறேன். உலகச் சூட்டை எந்தச் சுவருக்கு மாற்றி மாட்டலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஏணியை மட்டும் மறுபடி அக்காவிடம் கேட்க முடியாது.