சார்லட் பாஸ் சரிவில் தோண்டிய அறுபது சென்ரிமீற்றர்க் குழி

ஜூன் பிறந்தால் போதும், "அங்கிள், பனிமலைக்கு நடக்கப் போறம், எப்பிடிப் போறது?" என்று யாராவது தொலைபேசியில் கேட்பார்கள். விடுதி, உடுப்பு எல்லாம் அவர்களே தேடிக்கொள்வார்கள். பனி சரியுமா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அவுஸ்திரேலியாவில் அதெல்லாம் எங்கே என்ற நினைப்பு. 1976இல் எனக்கும் அதே நினைப்புத்தான்.

அப்போது நான் பரமட்டாவில் வீதி வேலைகளுக்கு மண் பரிசோதிக்கும் பொறியியலாளர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம், பனியைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். கூட வேலை செய்த கிரஹாம் குளிர்காலம் முழுக்க மலையில் கிடப்பவன். பனியும் மண்ணைப்போல அடுக்கடுக்காகத்தான் கிடக்கும், வந்து பார் என்றான். எனக்கு அது போதாதா?

ஜூன் மாத நீண்ட வார இறுதி விடுமுறை. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு நானும் மனைவி மலரும் நார்த்மீட்டிலிருந்து கிரஹாமின் காரில் புறப்பட்டோம். கூமா நானூறு கிலோமீற்றர். போய்ச்சேர மதியம் பன்னிரண்டு. அங்கிருந்து இரவு தங்கவேண்டிய ஜிண்டபைன் இன்னும் அறுபது. போக மட்டும் பெற்றோல் எட்டு டொலர், சப்பாத்தும் மேலங்கியும் வாடகைக்கு ஆளுக்கு ஆறு டொலர். கட்டிக்கொண்டு போன புட்டுப் பார்சல் பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் பெரிஷர் என்ற பனிச்சறுக்கு இடத்துக்கு அப்பால் வீதி மூடியிருந்தது. சார்லட் பாஸ் வரை எட்டுக் கிலோமீற்றர் பனிவண்டி, மூன்று டொலர். அங்கிருந்து புளூ லேக் பக்கமாக நடந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு செங்குத்தான சரிவு குறுக்கிட்டது. எதிர்ப்பக்கப் பாறைகளுக்கு நாற்பது அடி எடுத்துவைத்தால் போதும். கிரஹாம் நின்றுவிட்டான். குழி தோண்டிப் பார்க்காமல் ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்றான்.

முதலில் கொஞ்சம் பனி, பிறகு முகிலே இல்லாத குளிர் இரவுகள், முந்தாநாள் பெருங்காற்று. இந்த வரிசைதான் அவனை யோசிக்க வைத்தது. காற்று மேற்கிலிருந்து பனியை அள்ளிவந்து கொட்டும் பக்கம் இது. வரிசையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தோண்டினால் தெரியும் என்று மண்வெட்டியை எடுத்தான்.

மலர் சற்றுத் தள்ளி ஒரு பாறையோரம் நின்றா. நான் சரிவின் விளிம்பில் குதிக்காலால் நாலு தரம் இடித்துப் பார்த்தேன். அப்படி ஓர் இறுக்கம்! வீதி போடுகிறவனுக்கு மேற்படை இறுகிவிட்டால் வேலை முடிந்த மாதிரி.

"இஞ்சேருங்கோ, போகலாமோ? கால் விறைக்குது!" என்று மலர் கூப்பிட்டா.

"ஓம், வாரும்! றோட்டு மாதிரி இறுகிக் கிடக்கு" என்று கையையும் காட்டிவிட்டு, ஆவலில் குழிக்குள் குனிந்துவிட்டேன்.

குழி அறுபது சென்ரிமீற்றர் ஆழம். மேலே ஒரு முழத்துக்கு இறுகிய பனி. அடியில் சீனி போல உதிரி மணிகள். கையில் அள்ளிப் பிடித்தால் பிடிபடாமல் ஒழுகின. தரையின் சூட்டுக்கும் மேலேயுள்ள குளிருக்கும் இடையில் பனி இப்படி மாறிவிடுமாம். கிரஹாம் ஒரு தூணாக வெட்டி, பின்னால் மண்வெட்டியைச் செருகி மெல்ல இழுத்தான். மேற்படை முழுவதும் ஒரே பலகையாக வழுக்கி அவன் மடியில் விழுந்தது.

நிமிர்ந்தேன். மலர் எங்களிடம் வரவில்லை. நேரே சரிவைக் கடக்கத் தொடங்கி, பதினைந்து அடி போயிருந்தா.

"மலர், அப்பிடியே நில்லும்! வந்த காலடியிலேயே திரும்பி வாரும்."

"ஏன், என்ன?"

"கதைக்காமல் வாரும்!"

அவ திரும்பியபோது சரிவுக்குள்ளிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம். காலடியிலிருந்து மேல்நோக்கி நூல் போல ஒரு வெடிப்பு ஓடியது. பதினைந்து அடியையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து வந்தா. சரிவு ஏனோ அசையவில்லை. அத்தோடு திரும்பிவிட்டோம்.

கன்பரா வரும்வரை நான் அந்தச் சீனி மணிகளைப் பற்றியே கிரஹாமைக் குடைந்துகொண்டிருந்தேன். மலர் பின்னாசனத்தில் யன்னல் பக்கம் திரும்பியிருந்தா.

போகிறவர்களுக்கு: பருவத் தொடக்கத்தில் பனி குறைவுதானே என்று இருக்காதீர்கள். விடுதி வாசலில் தோண்டிப் பயனில்லை. கடக்கப்போகும் சரிவு எந்தத் திசை பார்க்கிறதோ அதே திசையில், அதே சாய்வில், ஆபத்தில்லாத ஒரு சின்ன மேட்டில் தோண்டுங்கள். முந்தின நாட்களின் காற்றை ஜிண்டபைனில் விசாரியுங்கள். ஆளுக்கொரு மண்வெட்டி வேண்டும். கடப்பதென்றால் ஒவ்வொருவராக. மேலே இறுகியிருப்பது எதற்கும் அத்தாட்சி அல்ல.

இதை எழுதி முடித்து மலருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டா.

"எல்லாம் சரி. ஆனா அண்டைக்கு நீங்கள் கையைக் காட்டினபடியாத்தான் நான் கால் வைச்சனான். அதுக்கு இண்டைவரைக்கும் என்னட்டை ஒரு மன்னிப்புக் கேக்கேல்லை. அதையும் எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். அவவின் முகத்தைப் பார்த்துக் கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.