வரவேற்பறையில் ஒரு களவா

கல்யாணத்துக்கு முன்பு என் மாமனார் வைத்த ஒரே நிபந்தனை, வீட்டுக்குள் மீன் வரக்கூடாது என்பது. நான் கடலூர்க் கரையோரத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். அவர்கள் சிதம்பரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சைவம். நெய்வேலியில் வேலை பார்க்கும் அவர் மகனை நான் காதலித்துக் கட்டிக்கொண்டபோது, "சமைக்கறதும் வேணாம், வாங்கியாறதும் வேணாம். உங்க அம்மா வீட்டுக்குப் போறப்ப வயிறாரச் சாப்டுட்டு வாம்மா" என்றார் மாமா. எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பதினோரு வருஷம் அந்தச் சொல்லை நான் மீறவில்லை. மீறியபோது அறுநூறு லிட்டர் கடல் தண்ணீரோடு மீறினேன்.

கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் டெக்னீஷியன். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். தம்பியின் படகு அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது. படகில் இருந்த பெட்டித் தண்ணீரில் முழங்கை நீளத்துக்கு ஒரு களவா மீன் உயிரோடு கிடந்தது. களவாவைக் குழம்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நின்று முகம் பார்த்தது அன்றைக்குத்தான். தடித்த உதடு, பெரிய வாய், பழுப்பு உடம்பெல்லாம் ஆரஞ்சுப் புள்ளி. நான் இடப்பக்கம் நகர்ந்தால் அதன் கண்ணும் இடப்பக்கம் உருண்டது. வலப்பக்கம் போனால் வலப்பக்கம்.

"டேய், இது என்னையே பாக்குதுடா."

"எப்ப வெட்டுவேன்னு பாக்குது. வழி வுடுக்கா" என்றான் தம்பி.

அன்றிரவு சாப்பாட்டில் அது இருந்தது. நான் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த மூன்று மாதம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் கடல்மீன் தொட்டிகளைத்தான் பார்த்தேன். கலர் கலராக ஓடும் குட்டி மீன்கள் எனக்கு வேண்டாம். இரை தேடித் தின்னும், ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும் பெரிய மீன் வேண்டும். கணவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். "ஆனா அப்பாகிட்ட நீயே பேசிக்க."

புதுச்சேரியிலிருந்து தொட்டி செய்கிறவர் வந்து, ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டியை ஹாலிலேயே வைத்து ஒட்டினார். நிரப்பினால் ஒரு சின்னக் காரின் எடை வரும், மாடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனார். சோபா இருந்த இடம் போயிற்று. மாமா பேப்பரை மடித்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தார்.

"இதுல என்னம்மா வரப் போவுது?"

"மீனு மாமா."

"நான் என்ன சொல்லியிருக்கேன்?"

"சமைக்கறதும் வேணாம், வாங்கியாறதும் வேணாம்னு சொன்னீங்க. இத சமைக்கப் போறதில்ல. வாங்கவும் இல்ல. தம்பி சும்மா தர்றான்."

கணவர் அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டார். மாமா எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் அவர் பேப்பர் படித்தது அங்கேதான்.

தண்ணீர் கொண்டுவருவதைத் தம்பி ஏற்றுக்கொண்டான். முதல் தடவை ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே கேன்களை நிரப்பி, மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். எங்கள் லேபில் ஓரங்கட்டிய பழைய கருவி ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு சொட்டு விட்டு, கண்ணருகே வைத்துப் பார்த்தால் தண்ணீரின் அடர்த்தி தெரியும், அதை வைத்து உப்பைக் கணக்குப் போடலாம். மழைக்காலமாதலால் ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு பாதிகூட இல்லை.

"கடல் தண்ணிக்கே டெஸ்டா? அது இன்னாக்கா கருவி?"

"ஒண்ணுக்கு டெஸ்ட் பண்றதுடா."

தம்பி கேன்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பிப் போனான். அடுத்த தடவை படகில் வெகுதூரம் உள்ளே போய் மொண்டு வந்தான். அது சரியாக இருந்தது.

அத்தோடு நான் பொறுத்திருக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா தொட்டிக்குள் குடியேற ஒன்றரை மாதமாவது ஆகும். இது எனக்கு நன்றாகத் தெரியும், நாலு பேருக்கு விளக்கியும் இருக்கிறேன். ஆனாலும் ஆசை தாங்காமல் மூன்றாம் நாளே தம்பி தந்த ஒரு களவாவை விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் அது மேல்மட்டத்துக்கு வந்து, செவுள் விரியத் திணறிக்கொண்டிருந்தது. சோதனைக் குழாயில் மருந்து விட்டுத் தண்ணீரைச் சோதித்தால் கரும்பச்சை. அந்த நிறத்துக்கு விஷம் என்று அர்த்தம்.

மீதமிருந்த சுத்தமான கடல் தண்ணீரை ஐஸ் பெட்டியில் ஊற்றி, பேட்டரி பம்பைப் போட்டு, மீனை உள்ளே விட்டுக் காரில் பரங்கிப்பேட்டைக் கடற்கரைக்கு ஓடினோம். கணவர் ஓட்ட, நான் பின்சீட்டில் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைக் கையில் ஏந்தினேன். ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தது. பிறகு வாலால் என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது. பிழைத்தது என்ற சந்தோஷமும் என் மேலேயே வந்த வெட்கமுமாக நான் அழுதேன். "அழுவாத. அதுதான் கோவத்தக் காட்டிட்டுப் போயிடுச்சே" என்றார் கணவர்.

இந்தத் தடவை முறையாக ஆரம்பித்தேன். மீன் இல்லாத தொட்டியில் ஒரு இறாலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு அழுக விட வேண்டும். அதில் வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்கு முதல் சாப்பாடு. சைவ வீட்டு ஹாலில் ஒரு இறால் ஏழு வாரம் அழுகியது. மாமா கொல்லைக் கதவுவரை நாலு இடத்தில் ஊதுபத்தி ஏற்றி வைத்தார். "ஒரு எறாலுக்கு இவ்ளோ நாள் துக்கமா?" என்று என்னிடம் பேசாமல் தன் மகனிடம் கேட்டார். நான் தினமும் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சை வெளுத்து வெளுத்து, ஒரு நாள் எலுமிச்சை மஞ்சள் ஆயிற்று. அம்மோனியா இல்லை.

தம்பி ஒரு சாண் நீளக் களவாவைக் கொண்டுவந்தான். கூடவே துணைக்கு இருக்கட்டும் என்று விரல் நீளத்தில் மூன்று வெள்ளி நிறக் குட்டி மீன்கள். மறுநாள் காலையில் களவா மட்டும் வயிறு புடைக்க நின்றது. போன் பண்ணினேன். "துணைக்கின்னு குடுத்தியே, ஒண்ணையும் காணோம்." அவன் சிரித்தான். "அது வாயிக்குள்ள போறது எல்லாமே அதுக்குச் சோறுதான்க்கா."

மாமா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சாயங்காலம் ஹாலைக் கடந்து போனவர் சட்டென்று நின்றார். குனிந்து தொட்டிக்குக் கீழே பார்த்தார். நேரே போய் மெயினை அணைத்தார்.

"இங்க வாம்மா. ப்ளக் மேல வெள்ளையா பூத்திருக்கே, என்ன அது?"

"உப்பு மாமா. தண்ணி தெறிச்சு..."

"உப்புத் தண்ணியும் கரண்டும் பக்கத்துப் பக்கத்துலயா? கை வெச்சிருந்தா மீனுக்கு யாரு தீனி போடறது? நீ படிச்ச பொண்ணுதானே?"

இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் நேராகப் பேசியது அதுதான். திட்டு வாங்கியும் எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாளே போர்டைச் சுவரில் உயரத்தில் மாற்றினார். சொட்டும் தண்ணீர் ப்ளக்குக்குப் போகாமல் கீழே விழும்படி ஒயர்களை வளைத்துக் கட்டினார். கசிவு இருந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கரும் இன்வெர்ட்டரும் வந்தன. வேலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நாற்காலி ஹாலுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை.

பிறகு ஒரு நாள் நான் லேபில் இருக்கும்போது போன்.

"அது கண்ணாடிய வந்து வந்து முட்டுது. பசியா?"

காலையில் அவசரத்தில் தீனி போட மறந்திருந்தேன். "தீனிக்குன்னு வாங்கின சின்ன ஃப்ரிட்ஜுல டப்பா இருக்கு மாமா. அதுல எறாலு..." என்று இழுத்தேன். "இடுக்கி இருக்கு. கையால தொட வேணாம். நான் வந்தே போட்டுக்கறேன், பரவால்ல" என்றேன்.

"சாயங்காலம் வரைக்கும் அதுக்குத் தாங்குமா?"

ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் டப்பா மூடி கழலும் சத்தம். திடீரென்று ஒரு பெரிய 'சளக்', "ஐயய்யோ!" என்று ஒரு கூச்சல், அதற்குப் பின்னால் மாமாவின் சிரிப்பு. "இடுக்கியையே புடுங்கிக்கிச்சும்மா!"

அன்றிலிருந்து தீனி அவர் பொறுப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள், குளிப்பதற்கு முன்னால். பிறகு குளித்துவிட்டுத்தான் பூஜை.

அடுத்த வருஷ மழையில் ஒரு நாள், காற்றில் மரம் விழுந்து காலையிலேயே கரண்ட் போனது. நான் கடலூரில் மாட்டிக்கொண்டேன். ரோட்டில் தண்ணீர் ஓடியதால் பஸ் இல்லை. கணவருக்கு நெய்வேலியில் ஷிஃப்ட். பதினோரு மணிக்கு மாமா கூப்பிட்டார்.

"இன்வெர்ட்டர் நின்னுடுச்சு. பேட்டரி பம்பும் ஓடல. மேல வந்து வாயத் தொறக்குது. என்ன பண்றது?"

"தண்ணிய மொண்டு ஒசரத்துலேருந்து ஊத்துங்க மாமா. காத்து கலந்தா போதும். முடிஞ்ச வரைக்கும் செய்ங்க. முடியலன்னா வுட்டுடுங்க."

சரி என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். அதன் பிறகு போனையும் எடுக்கவில்லை. நான் பயந்தே போனேன். பஸ் கிடைத்து வீடு வந்து சேர நாலரை ஆகிவிட்டது. கதவு திறந்தே கிடந்தது. மாமா ஸ்டூல் மேல் நின்று செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கையெல்லாம் உப்புக் காய்ந்து வெள்ளையாக இருந்தது. தண்ணீர் விழும் இடத்துக்கு நேர் கீழே களவா நின்று, அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"போன் ஏன் மாமா எடுக்கல?"

"எந்தக் கையால எடுக்கறது?"

செம்பை நான் வாங்கிக்கொண்டேன். அவர் மத்தியானம் சாப்பிடவே இல்லை. ஆறு மணிக்குக் கரண்ட் வந்து பம்ப் ஓடியதும் காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைத் தூக்க அவர் கை எழவில்லை. நானே பிடித்துக் குடிக்க வைத்தேன். மூன்று மடக்குக் குடித்துவிட்டு, "உன் தம்பிகிட்ட கேட்டுச் சொல்லு. இந்த ஜாதி எவ்ளோ பெருசு வளரும்?" என்றார்.

தம்பிக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "ஒரு மீட்டர் வரும் மாமா. அந்தத் தொட்டி பத்தாது. பெருசானா சொல்லுங்க, எடுத்துட்டுப் போய் ஆழத்துல வுட்டுடறேன்."

"அவசரப்படாதப்பா" என்றார் மாமா.

இப்போது அது என் முழங்கை நீளத்தைத் தாண்டிவிட்டது. கார் ஷெட்டில் சிமென்ட் தொட்டி கட்டலாமா என்று அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு மாதமாகப் பேச்சு நடக்கிறது. மாமா டேப் வைத்து மூன்று தடவை அளந்துவிட்டார். ஒன்றும் முடிவாகவில்லை என்கிறார் கணவர். ஆனால் போன வாரத்திலிருந்து எங்கள் கார் தெருவில்தான் நிற்கிறது.