மகள் எக்ஸ்டெண்ட்ஸ் அப்பா

பெங்களூரில் ஒரு கம்பெனி எனக்கு வேலை தருவதாகக் கடிதம் கொடுத்திருந்தது. அரியர் இருந்தால் வேலை இல்லை என்றும் அதில் போட்டிருந்தது. எனக்கு இருந்ததே ஒரே ஒரு அரியர்தான், ஜாவா செய்முறைத் தேர்வு. தருமபுரியில் அதை இரண்டாம் முறை எழுதப் போன அன்று காலையில் தண்ணீர்கூட இறங்கவில்லை. அவ்வளவு பயம்.

நான் பிளஸ் டூ வரை பாப்பிரெட்டிப்பட்டியில் தமிழ் மீடியம். இன்ஹெரிட்டன்ஸ் என்ற சொல்லை அகராதியில் பார்த்தேன். வாரிசுரிமை என்றிருந்தது. அட, இது நம்ம தாலுகா ஆபீஸ் சமாச்சாரம்தானே என்று நினைத்துவிட்டேன். தேர்வில் ‘அப்பா’ என்று ஒரு கிளாஸ் எழுதினேன். கிளாஸ் என்றால் அச்சு மாதிரி. அதிலிருந்து எத்தனை ஆப்ஜெக்ட் வேண்டுமானாலும் வார்க்கலாம். அந்த அச்சில் பெயர், ஊர், நிலம் எல்லாம் வைத்தேன். கீழே ‘மகள் எக்ஸ்டெண்ட்ஸ் அப்பா’ என்று ஒரே வரி. அப்பாவுடையது அத்தனையும் மகளுக்கு வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வேறு கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த மேடம் என் பின்னால் வந்து நின்றார். முதுகு சில்லிட்டது.

“எக்ஸ்டெண்ட்ஸ்னா என்னம்மா அர்த்தம்?”

“வாரிசுங்க மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பாதி பயம் போயிருக்கும்.

“செந்தூரா மாங்காயா, இல்லியா?”

“மாங்காதாங்க மேடம்.”

“அதான் எக்ஸ்டெண்ட்ஸ். இதுவும் அதுல ஒரு வகைன்னு அர்த்தம். இப்பச் சொல்லு, நீ உங்கப்பாவா?”

“இல்லீங்க மேடம்.”

“உன் புரோகிராம் ஆமாங்குதே. அந்த வார்த்தையை எடுத்துட்டு ஓட்டிக் காட்டு. பத்து நிமிஷம்.”

எடுத்தேன். திரையில் பதினொரு பிழைகள் சிவப்பாக வந்து நின்றன. பெயர் எங்கே, ஊர் எங்கே என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. மகளுக்கென்று நான் எதுவுமே எழுதியிருக்கவில்லை. வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. பயத்தில் ஒரே எழுத்து மூன்று தடவை விழுந்தது.

மகளுக்கு ஒரு பெயர் எழுதினேன். ஒரு ஊர். பெயர், ஊர் மாதிரியே அப்பாவையும் அவளுக்குள் ஒரு உறுப்பாக வைத்தேன். மகளுக்கு ஓர் அப்பா உண்டு, அவ்வளவுதான். பிழை ஏழானது, இரண்டானது. கடைசியில் ஒரு அரைப்புள்ளியைக் காணோம். அதையும் போட்டதும் ஓடியது.

மேடம் குனிந்து பார்த்தார். “இவ்ளோ பயந்தா எப்படிம்மா? போ, பாஸ்தான்.”

வராந்தாவில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். தக்காளிக் காட்டில் இருந்தார். எனக்கு அப்போதும் பல் தந்தியடித்தது.

“பாஸுப்பா. வேலைக்குப் போலாம்.”

“என்னா கேட்டாங்க?”

“நான் நீங்களான்னு கேட்டாங்கப்பா.”

“நீ என்னா சொன்ன?”

“இல்லன்னு சொன்னேன்.”

“அதுக்கா பாஸு போட்டாங்க?” என்றார்.