கருங்கல் வீட்டுக்கு ரோஸ் கலர்

வாசல் சுவரில் பெயிண்ட் கடைக் கலர் அட்டையை வைத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என் மாமியார். மேற்குத் தாம்பரத்தில் தெருவை ஒட்டி நிற்கும் பழைய மாடி வீடு எங்களுடையது. பல்லாவரம் மலையில் உடைத்த கருங்கல்லைச் செதுக்கி, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. ஜன்னல் குழியில் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், சுவர் அவ்வளவு கனம். வாசலுக்கு மேலே கல் வளைவு. மே மாத வெயிலுக்கும் உள்ளே ஃபேன் போதும். மாமனாருக்கு அதில் அப்படியொரு பெருமை. மாமியாருக்கோ டிசம்பர் வந்தாலே எரிச்சல்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பார்கள். எங்களுக்கு அந்த வேலையே கிடையாது. "ஊரே புதுசாயிடுது, நம்ம வீடு மட்டும் ஜெயில் மாதிரி நிக்குது" என்று தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார் மாமியார். அந்த வருஷம் மாமனார் ஒருவழியாக இறங்கி வந்தார். பூச்சு பிடிப்பதற்காக முகப்புக் கல்லையெல்லாம் கொத்திவிட்டு, வெள்ளை சிமென்டில் ரோஸ் பொடி கலந்து பூசினார்கள். நட்சத்திரத்தைத் தொங்கவிட்டதும் மாமியார் எதிர்ப்பக்கம் போய் நின்று வீட்டையே பார்த்தார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குமே பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த மழைக்காலத்தில் சுவர் உள்பக்கமாகக் கசிந்தது. பீரோத் துணியெல்லாம் பூசணம். மாமனாருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. "கல்லுக்கு நடுவுல இருக்கிற சுண்ணாம்புதான் ஈரத்த வெளிய விடும். அத மூடிட்டோம்" என்றார், அவ்வளவுதான். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. மாமியாருக்கு அதுதான் தாங்கவில்லை. மழை விட்டதும் ஆள் கூப்பிட்டு மொத்தப் பூச்சையும் பெயர்க்கச் சொல்லிவிட்டார்.

சுவர் காய்ந்தது, மாமனாரும் தேறினார். ஆனால் கொத்திய குழிகளில் மட்டும் ரோஸ் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. "நல்லாயிருந்த வீட்ட அசிங்கம் பண்ணிட்டேன்" என்று கண் கலங்க, கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தார் மாமியார். மாமனார் வந்து பிரஷ்ஷை வாங்கி வைத்துவிட்டார். "விடும்மா. இத்தன வருஷம் ஆசப்பட்ட கலரு. கொஞ்சமாவது இருக்கட்டும்."

இப்போது மாமனார் இல்லை. போன டிசம்பரில் சுவர் கழுவ வந்த ஆள் அந்த ரோஸைச் சுரண்டப் போனார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார் அவரை நிறுத்தினார்.

"அதத் தொடாதப்பா. அவர் எனக்காக விட்டு வச்சது."